கஸ்டடி

வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில், பேரனின் கையைப் பிடித்தபடி நின்றிருந்த ஒரு பாட்டி வக்கீலிடம் கேட்டார்: “போலீஸ் கஸ்டடின்னா தெரியும் சார். கொழந்த இன்னா தப்பு பண்ணுச்சு? அதுக்கு இன்னாத்துக்கு கஸ்டடி?”

நியாயமான கேள்வி. கஸ்டடிக்கு மூலம் லத்தீனின் ‘கஸ்டோடியா’. அதற்கு அடி ‘கஸ்டோஸ்’, அதாவது காவலாளி. கைதிக்கும் அதே சொல், பெற்றோர் பிரிந்தால் பிள்ளை யாரிடம் வளர்வது என்பதற்கும் அதே சொல். தமிழில் ‘காவல்’ என்று போட்டால் பாட்டியின் சந்தேகம் இன்னும் கெட்டிப்படும்.

எங்கள் பக்கத்துக் கோர்ட்டுத் தமிழில் வக்கீல், ஜாமீன், ஜப்தி, வாய்தா எல்லாம் பாரசீகம், உருது வழியாக வந்தவை. ஆற்காட்டு நவாப் காலத்து வாடை. விவாகரத்தே பாதி அப்படித்தான். ‘விவாகம்’ வடமொழி, ‘ரத்து’ அரபி. தமிழில் மணமுறிவு, மணவிலக்கு. ஆனால் பிள்ளை விஷயத்தில் அரபிச் சொல்தான் துல்லியம். வாணியம்பாடி, ஆம்பூரில் ஷரீஅத் என்ற இஸ்லாமியச் சட்டம் படித்தவர்களுக்கு ‘ஹிஸானத்’ தெரியும். வேர்ப்பொருள் மடி, அணைப்பு. பிள்ளையை வைத்து வளர்ப்பது ஹிஸானத். அதற்காக முடிவெடுக்கும் அதிகாரம் ‘விலாயத்’. அந்தச் சட்டத்தின் ஒரு பிரிவான ஹனஃபி மரபில் மகனுக்கு 7 வயது வரை, மகளுக்குப் பருவமடையும் வரை முன்னது தாயுடையது. பின்னது தந்தையுடையது.

இந்த வேறுபாடுதான் நம் பேச்சில் தொலைந்துபோகிறது. ‘கஸ்டடி எனக்குத்தான், இனி அவர் எதிலும் தலையிடக் கூடாது’ என்பவர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார். மைனர் பிள்ளைகள் பற்றிய 1956ஆம் ஆண்டு இந்துச் சட்டத்திலும் கார்டியன் வேறு, கஸ்டடி வேறு. இயற்கைக் காப்பாளர் தந்தை, ‘அவருக்குப் பின்’ தாய். 5 வயது நிரம்பாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்கும். அந்த ‘அவருக்குப் பின்’ என்பது தந்தை செத்த பிறகு மட்டும் அல்ல, அவர் பிள்ளையைக் கண்டுகொள்ளாமல் இருந்தாலும் தாய் காப்பாளராகலாம் என்று 1999இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. எதுவானாலும் பிள்ளையின் நலன்தான் முதலில்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? கார்டியனுக்குக் ‘காப்பாளர்’ நிலைத்துவிட்டது. கஸ்டடிக்கு என் ஓட்டு ‘வளர்ப்புப் பொறுப்பு’க்கு. ‘பராமரிப்பு’ என்றால் ஜீவனாம்சத்தோடு குழம்பும். சங்கத் தமிழின் ‘புறந்தருதல்’ அழகுதான், ஆனால் மனுவில் எழுதினால் எதிர்த்தரப்பு வக்கீல் அகராதி தேடி ஓடுவார். அப்புறம், பிள்ளை தன்னிடம் இல்லாத பெற்றோர் அதைப் பார்க்க வரும் விசிட்டேஷன்: ‘பார்வையிடும் உரிமை’ என்றால் ஏதோ அதிகாரி ஆய்வுக்கு வருவதுபோல இருக்கிறது. ‘சந்திப்பு உரிமை’ போதும்.

அந்த வக்கீல் அகராதி எதையும் புரட்டவில்லை. “பையன் யார் வூட்ல தூங்கி எழுந்து ஸ்கூலுக்குப் போறான், அதாம்மா கஸ்டடி” என்றார்.

“ஸ்கூல் ஃபீஸு?”

“அதுக்கும் கோர்ட்டு உத்தரவு போடும்மா. பையன் வளர வளர மாத்தியும் கேக்கலாம்.”