கொம்பை நம்பக் கூடாத சாணி வண்டு

பட்டியடைத்த தோட்டத்தில், ஒருநாள் பழசான சாணகத்தைக் குச்சியால் புரட்டிப் பாருங்கள். அடியில் மிளகளவு கறுத்த வண்டுகள் நாலைந்து மண்ணுக்குள் ஓடி ஒளியும். இவை சாணகத்தை உருட்டிக்கொண்டு போகிறவை அல்ல. அது கிடக்கும் இடத்திலேயே நேர் கீழே துளை தோண்டி, சாணகத்தை இழுத்துச் சென்று அடைத்து, ஒவ்வோர் அடைப்பிலும் ஒரு முட்டை இடும். இப்படித் துளைக்கிறவற்றில் பல, ஒந்தோபாகஸ் என்ற சாதியை (genus, நெருங்கிய இனங்களின் தொகுதி) சேர்ந்தவை.

பிரெஞ்சு அறிஞர் லத்ரேய் 1802 இல் அமைத்த இந்தச் சாதியில் இன்று 2,000க்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன. விலங்குலகின் மிகப் பெரிய சாதிகளில் இதுவும் ஒன்று. உண்மையில் இது பாதி சாதி, பாதி குவியல். வேறெங்கும் பொருந்தாத சின்ன வண்டுகளையெல்லாம் நெடுங்காலம் இதற்குள்ளேயே போட்டார்கள். இப்போது ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கிறார்கள். மாட்டுச் சாணகத்தை அழிக்க 1968 இல் அவுஸ்திரேலியாவில் விடப்பட்ட ஒந்தோபாகஸ் கசெல்லா, இன்று டிஜிடோந்தோபாகஸ் கசெல்லா. பழைய கட்டுரைகளைத் தேடுகிறவர் இரண்டு பெயரிலும் தேட வேண்டும்.

கையில் கிடைத்த வண்டு ஒந்தோபாகஸ்தானா என்று பார்க்க ஒரு 10 மடங்கு வில்லை போதும். முதலில் பின்காலைப் பாருங்கள். கணைக்கால் நுனியில் ஒரே ஒரு முள் இருந்தால் அது ஒந்தோபாகஸ் அடங்கும் ஸ்கராபெயினே உபகுடும்பம். இரண்டு முள் இருந்தால் அஃபோடியினே. அவை நீளவாக்கான உடல் கொண்டவை, பெரும்பாலும் சாணகத்துக்குள்ளேயே வாழ்பவை. அடுத்து, இரண்டு முன்சிறகுகளும் கழுத்தோடு சேருமிடத்தில் சிறிய முக்கோணத் தகடு தெரிகிறதா? தெரிந்தால் ஒந்தோபாகஸ் அல்ல. கடைசியாக முன்கால். அதன் கணை நுனி, உட்பக்க விளிம்புக்குச் செங்குத்தாக வெட்டிவிட்டதுபோல் முடிந்தால் அது கக்கோபியஸ் என்ற உறவுச் சாதி. அவசரத்தில் பார்க்கிறவர்கள் தடுமாறுவது அநேகமாக இந்த இடத்தில்தான், ஏனென்றால் கக்கோபியஸும் இதே அளவு, இதே கறுப்பு.

இனம் வரை போவதுதான் கஷ்டம். தலையில் கொம்பு இருக்கிறதா, எத்தனை, எவ்வளவு நீளம் என்று பார்த்துப் பெயர் வைக்கத்தான் யாருக்கும் கை போகும். ஆனால் பல இனங்களில் ஆணின் கொம்பைத் தீர்மானிப்பது தாய் அடைத்து வைத்த சாணகத்தின் அளவும் தரமும். நிறையத் தின்று ஒரு குறிப்பிட்ட பருமனைத் தாண்டிய புழு, நீண்ட கொம்போடு வெளியே வரும். தாண்டாதது கொம்பே இல்லாமலோ வெறும் முண்டோடோ வரும். ஒந்தோபாகஸ் டோரஸ் இனத்தில் இது நன்றாக ஆராயப்பட்டிருக்கிறது. கொம்பன் துளை வாசலைக் காத்துச் சண்டை போடும். கொம்பில்லாதது பக்கவாட்டில் தனித்துளை போட்டுக் களவாகப் பெண்ணிடம் போகும். ஒரே இனத்து அண்ணன் தம்பியை இரண்டு இனமென்று எழுதிவைப்பது இப்படித்தான் நடக்கிறது. கொம்பில்லாத ஆணைப் பெண்ணென்று நினைப்பது இன்னும் சாதாரணம். வண்டைக் குப்புறக் கவிழ்த்து வயிற்றின் கடைசி வளையத்தைப் பாருங்கள்: நடுவில் ஒடுங்கியிருந்தால் ஆண், ஒரே அகலமாக இருந்தால் பெண்.

ஆகவே கடைசித் தீர்ப்பு ஆணின் இனப்பெருக்க உறுப்பில்தான். காய்ந்த வண்டைச் சுடுநீரில் அரை மணித்தியாலம் ஊறவிட்டு, நுனி வளைத்த ஊசியால் வயிற்றின் பின்நுனி வழியாக அந்த உறுப்பின் கபிலநிறக் கூட்டை இழுத்தெடுக்க வேண்டும். அதை 10% பொற்றாசியம் ஐதரொட்சைட்டில் இரவு முழுக்க வைத்தால் தசை கரைந்துவிடும். சூடாக்கி அவசரப்பட்டால், உள்ளே மடிந்திருக்கும் பையும் அதன் சிறு தகடும் வெளிறி, வடிவம் தெரியாமல் போய்விடும். நெருங்கிய இனங்களைப் பிரிப்பதில் அந்தத் தகட்டின் வடிவத்துக்குப் பெரும் பங்குண்டு. கழுவி, நுணுக்குக்காட்டியில் பார்த்த பிறகு, கிளிசரின் விட்ட சின்னக் குழாயில் போட்டு அந்த வண்டைக் குத்திய ஊசியிலேயே சேர்த்துக் குத்திவைக்க வேண்டும். வேறு பெட்டியில் வைத்தால் எது எதனுடையது என்று பிறகு சண்டைதான்.

வண்டு பிடிக்க, ஒரு லீற்றர் பிளாஸ்ரிக் கோப்பையை விளிம்பு மண்மட்டத்துக்குச் சரியாக வரும்படி புதைத்து, கால்வாசி சோப்புத் தண்ணீர் விட்டு, மேலே 150 கிராம் அளவு புதுச் சாணகத்தை நுளம்புவலைத் துணியில் கட்டித் தொங்கவிட வேண்டும். விளிம்பு ஒரு விரற்கடை உயர்ந்து நின்றாலே நடந்து வருகிறவை சுற்றிக்கொண்டு போய்விடும். எங்கள் வெயிலில் காலையில் வைத்த சாணகம் மத்தியானத்துக்குள் தோல் கட்டி வாசம் குறைந்துவிடும் என்பதால், பின்னேரம் ஒன்று, விடியல் ஒன்று என்று மாற்றிக் கட்டுவது நல்லது. இரவில் பறக்கும் இனங்களும் பகலில் பறப்பவையும் தனித்தனியாகக் கிடைக்கும். கோழி திரியும் வளவென்றால் மேலே கம்பிவலை போடாமல் ஒன்றும் மிஞ்சாது. மாரியில் மழைநீர் நிரம்பி வழியாமல் ஒரு தகரத் துண்டைக் கூரையாகச் சாய்த்துவிடுங்கள்.

பிடித்தவற்றை 70% எதனோலில் போட்டு, இடம், திகதி, எந்த மிருகத்தின் சாணகம் என்பதைப் பென்சிலால் எழுதிப் போத்தலுக்குள்ளேயே போடுங்கள். பேனை மை கரைந்துவிடும். மாட்டுக்கு அண்மையில் ஐவர்மெக்டின் புழுமருந்து கொடுத்திருந்தால் அதையும் எழுதுங்கள். மருந்து சாணகத்தில் வெளியேறி வண்டுகளின் புழுப் பருவத்தைக் கொல்லும். வளர்ந்த வண்டுகள் வழமைபோல் வந்துகொண்டிருப்பதால், பொறியை மட்டும் பார்க்கிறவருக்கு அந்தச் சேதம் உடனே தெரியாது.