அப்பா அம்மாவோட பாட்டு எதுன்னு இப்பவே கேட்டு எழுதி வெச்சுக்கோங்க

மறதி நோய் வந்தவங்களைப் பார்க்கிற டாக்டரா பல வருஷம் ஆச்சு, குடும்பத்துக்காரங்ககிட்ட நான் திரும்பத் திரும்ப சொல்ற ஒரு விஷயத்தை இங்கயும் சொல்லிடறேன்.

ஒரு பெரியவர், பெத்த பொண்ணையே யாருன்னு தெரியாத நிலைமை, நாள் முழுக்க நாலு வார்த்தை வந்தா பெருசு. பொண்ணு போன்ல ஒரு பழைய பாட்டைப் போட்டாங்க, பல்லவி முடியறதுக்குள்ள இவர் கூடவே பாட ஆரம்பிச்சு சரணம் வரைக்கும் பிசகாம பாடிட்டாரு. முடிச்சுட்டு "மாடியில மழை" அப்படின்னாரு, அவ்வளவுதான். எந்த மாடி, கூட யாரு இருந்தாங்க, பொண்ணுக்குத் தெரியல, கேட்டிருக்க வேண்டிய காலத்துல கேக்கலையேன்னு அழுதாங்க.

இது எப்படி நடக்குதுன்னா, அல்சைமர்ங்கிற மறதி நோய்ல முதல்ல அடி வாங்கற இடங்கள்ல ஒண்ணு ஹிப்போகேம்பஸ், மூளையில புதுசா நடக்கறதைப் பதிஞ்சு வெக்கிற இடம். அதனாலதான் காலையில சாப்பிட்டது மறந்துடுது. ஆனா ரொம்பப் பழகின பாட்டு அதை மட்டும் நம்பி இல்ல. 2015-ல வந்த ஒரு ஸ்கேன் ஆய்வுல, பழகின பாட்டைக் கேக்கறப்ப வேலை செய்யற பகுதிகள் அல்சைமர்ல மத்த இடங்களை விட கம்மியாதான் சுருங்குதுன்னு பார்த்தாங்க. அதுக்கு முன்னாடி 2009-ல பீட்டர் ஜனாட்டான்னு ஒரு ஆராய்ச்சியாளர், ஆளுங்களுக்கு அவங்க 8லருந்து 18 வயசுல இருந்தப்ப வந்த பாட்டுகளைப் போட்டுப் பார்த்தாரு, சொந்த ஞாபகம் கிளம்பினப்ப நெத்திக்குப் பின்னாடி நடுவுல இருக்கிற பகுதி நல்லா வேலை செஞ்சுது, பாட்டும் நினைவும் சேர்ற சந்திப்பு மாதிரி.

அதனால எந்தப் பாட்டுன்னு தேடறப்ப வயசை வெச்சுத் தேடுங்க, பொதுவா 10லருந்து 30 வயசுக்குள்ள கேட்டதுதான் ஆழமா ஒட்டியிருக்கும். ஒரு காலத்துல விடாம கேட்டுட்டு அப்புறம் கேக்காம விட்ட பாட்டு இன்னும் நல்லது, அதுல அந்த இடம் அப்படியே இருக்கும், தினமும் ஓடற பாட்டுமேல வேற வேற நாள் எல்லாம் படிஞ்சுடுது. பாட்டுப் பேரை மட்டும் எழுதாதீங்க ப்ளீஸ், எங்க கேட்டாங்க, கூட யாரு, அப்ப என்ன வேலை பார்த்துட்டு இருந்தாங்க, அதையும் பக்கத்துலயே எழுதுங்க, ஏன்னா ரொம்ப வருஷத்துக்கப்புறம் பாதி வாக்கியமா வெளிய வர்றதை முடிச்சுக் கொடுக்க உங்ககிட்டதான் மீதி இருக்கும்.

போடறப்ப "ஞாபகம் இருக்கா, யார் பாடினது"ன்னு பரீட்சை வெக்காதீங்க. பதில் வரலைன்னா அவங்களுக்கு அவமானமா இருக்கும், அந்த உணர்ச்சி நல்லாவே புரியும் அவங்களுக்கு. முகத்தைப் பாருங்க. சில பாட்டு பிரிவையோ ஒரு சாவையோ கொண்டு வந்துடும், கண்ணீர் வந்தா உடனே நிறுத்தணும்னு இல்ல, கையைப் பிடிச்சுட்டு உக்காருங்க, ஆனா பதட்டமாகி எழுந்து நடக்க ஆரம்பிச்சா நிறுத்திட்டு அந்தப் பாட்டை லிஸ்ட்லருந்து எடுத்துடுங்க. காது கேக்குதான்னு முதல்ல செக் பண்ணுங்க, இதை நிறைய பேர் மறந்துடறாங்க. நாள் பூரா பின்னணியில ஓட விடாதீங்க, அது வெறும் சத்தமாயிடும். குளிக்க வெக்கறதுக்கு முன்னாடி, சாயங்காலம் படபடப்பு ஆரம்பிக்கிற நேரம், இந்த மாதிரி ரெண்டு மூணு பாட்டு போதும்.