கிணற்றுமேட்டு ஓவர்சியர்

36 வருடம் அடுத்தவர் கட்டிய சுவரை டேப் பிடித்து அளந்து எம்.புக்கில், அதாவது அளவுப் புத்தகத்தில், ஏற்றியதுதான் என் உத்தியோகம். ஓய்வு பெற்று, உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தேன். முதல் மாதம் பொழுதே போகவில்லை. இரண்டாம் மாதம் கிணற்றுமேட்டில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தபோது, கிணற்றுக்குள் சாய்ந்து நிற்கும் வேலமரத்தில் தூக்கணாங்குருவிகள் கட்டட வேலையைத் தொடங்கியிருந்தன. பழைய புத்தி எங்கே போகும்? கணக்கெடுக்க ஆரம்பித்துவிட்டேன்.

கட்டுவது ஆண் குருவிதான். மற்ற நாட்களில் பெட்டையைப் போலவே தவிட்டு நிறத்தில் திரிகிற அது, கூடு கட்டும் பருவத்தில் தலைக்கும் மார்புக்கும் மஞ்சள் ஏற்றிக்கொள்கிறது. நேராகப் பக்கத்து வயலின் கரும்புத் தோகைக்குப் போகும். விளிம்பில் அலகால் ஒரு வெட்டு வெட்டி, அந்த நுனியைக் கவ்வியபடி பறக்கும். கரும்பு, புல், தென்னை இவற்றின் இலைகளில் நரம்புகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடுவதால் கிழிசல் கோணாமல் நெடுக வருகிறது. 30 கிராம் கூடத் தேறாத குருவிக்குப் பறக்கிற விசைதான் கத்தி. முக்கால் அடி முதல் இரண்டடி வரை நீளமான பச்சை நார் கிடைத்துவிடும். காய்ந்த நாரை அது தொடுவதில்லை. பச்சை நார்தான் வளையும், முடிச்சுக்கு இசையும். பின்னிய இடத்திலேயே காய்ந்து விறைத்த பிறகு அவிழாது.

பின்னுவதைப் பைனாகுலரில் பார்த்தேன். நாரின் ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு, மறுமுனையை அலகால் இடுக்கில் செருகுகிறது. பிறகு தலையை அந்தப் பக்கம் கொண்டுபோய், செருகிய முனையைப் பிடித்து இழுக்கிறது. தையல்காரர் ஊசியைக் குத்தி மறுபக்கம் வாங்குவாரே, அதேதான். கிளை நுனியில் முடிச்சு, அதிலிருந்து ஒரு தொங்கல், தொங்கலில் ஒரு வளையம். வளையத்தில் நின்றபடி அலகு எட்டுகிற தூரத்துக்குப் பின்னிக்கொண்டே போகிறது. அளவுகோல் அதன் உடம்புதான். சென்டரிங் வேண்டாம், வரைபடம் வேண்டாம்.

ஒரு வாரம் போனதும் கவிழ்த்த தலைக்கவசம் மாதிரி ஆயிற்று கூடு. அடிப்பக்கம் திறந்து கிடந்தது. நடுவே குறுக்காக ஒரு பட்டை, தாடைக்கு வார் கட்டியதுபோல. அங்கேயே வேலை நின்றுவிட்டது. குருவி பட்டையில் தொங்கிச் சிறகடித்துக் கத்துகிறதே தவிர, ஒரு நார் கொண்டுவரவில்லை. பாதியில் கைவிட்ட ஒப்பந்தக்காரர்களை நான் நிறையப் பார்த்தவன். இதுவும் அந்த ரகம்தான் என்று முடிவு கட்டினேன்.

களை எடுக்க வந்த பாட்டி சிரித்தார். “பொட்டக் குருவி வந்து பாக்கோணுமல்ல கண்ணு? அதுக்குப் புடிச்சாத்தான் மிச்சத்தக் கட்டும்.”

பாட்டி சொன்னது அறிவியலாளர்கள் சொல்வதேதான். தலைக்கவசக் கட்டம் வரை சுமார் 8 நாள். பெட்டை வந்து உள்ளே நுழைந்து, பட்டையில் உட்கார்ந்து, நாரை இழுத்துப் பார்க்கும். சம்மதித்தால்தான் ஒரு பக்கத்தை மூடி முட்டை அறையும், மறுபக்கம் கீழ்நோக்கித் தொங்கும் குழாய் வாசலும் முளைக்கும். மொத்தம் 18 நாள் ஆகலாம். ஒரு கூட்டுக்கு 500 நடை வரைகூடப் போய்வருமாம். முழுதாகக் கட்டிவிட்டு நிராகரிக்கப்படுவதை விடப் பாதியில் செக் மெஷர்மெண்ட், அதாவது சரிபார்க்கும் அளவு, எடுக்கவைப்பது லாபம். எங்கள் ஆபீசில் இந்த முறை இருந்திருந்தால் பல கட்டடங்கள் தப்பித்திருக்கும். பெட்டை பின்னல் அழகை விடக் கூடு இருக்கும் இடத்துக்கே அதிக மதிப்பெண் போடுகிறது என்று ஓர் ஆய்வு கண்டிருக்கிறது. முள்மரம், கீழே தண்ணீர், பாம்புக்கு ஏறக் கஷ்டமான மெல்லிய கிளை. எங்கள் கிணறு எதற்கு என்று இப்போது புரிகிறது.

முட்டைக்கு அடைகாப்பது பெட்டை மட்டும். ஆண் அடுத்த கூட்டை ஆரம்பித்து அடுத்த பெட்டையை அழைக்கும். இந்தக் குடித்தன ரகசியத்தை வெளிக்கொண்டு வந்தவர் பறவையியல் அறிஞர் சாலிம் அலி. ஜெர்மனியில் பயிற்சி முடித்து 1930இல் மும்பை திரும்பியவருக்கு அருங்காட்சியகத்தில் இருந்த வேலை இல்லாமல் போயிருந்தது. கிஹிம் என்ற கடற்கரைக் கிராமத்துக்குக் குடிபோய், வீட்டுப் பக்கத்துத் தூக்கணாங்குருவிகளை மாதக்கணக்கில் கவனித்தார். வேலையில்லாத நேரத்தில் செய்த வேலை அது. எனக்கு அதில் ஒரு சின்னத் தெம்பு.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஆடிக்காற்று எங்கள் ஊரில் கூரைத் தகரத்தையே புரட்டும். கூடுகளோ பெரும்பாலும் மரத்தின் கிழக்குப் பக்கத்தில்தான் தொங்குகின்றன. மேற்குக் காற்றுக்கு மரமே மறைப்பு. கூட்டின் உட்சுவரில் ஈர மண் உருண்டைகளையும் அப்பிவைக்கின்றன. மின்மினியை ஒட்டி விளக்கேற்றத்தான் அந்த மண் என்று எங்கள் அப்பத்தா சொல்லும். காற்றில் கூடு அதிகம் ஆடாமல் இருக்க எடை சேர்க்கிறது என்பது ஒரு விளக்கம்.

ஐப்பசி மழையில் ஒரு கூடு விழுந்தது. விடுமுறைக்கு வந்திருந்த பேரன் மின்மினி பார்க்கவேண்டும் என்று ஒரே அடம். கத்தரிக்கோலால் வெட்டினேன். பின்னல் லேசில் மசியவில்லை, விரல் வலித்தது. உள்ளே தலைக்கவசக் கட்டத்துப் பட்டை அப்படியே இருந்தது. பக்கத்தில் காய்ந்த மண் கட்டிகள் ஒன்பது. மின்மினி இல்லை. பேரனுக்கு ஏமாற்றம். நான் மண் கட்டிகளைத் தனியே எடுத்து, சமையலறைத் தராசில் நிறுத்து, பழைய எம்.புக்கின் வெற்றுப் பக்கத்தில் எழுதிவைத்தேன்: 38 கிராம். கட்டிய குருவியை விடக் கனம்.