ஒரு காது மட்டும் கேட்பவருக்கு என்ன உரிமை உண்டு?

"ஒரு காதுதான் நல்லா கேட்குதே, அப்புறம் என்ன?" என்று பலரும் கேட்பார்கள். அமைதியான அறையில் நேருக்கு நேர் பேசினால் சிரமம் தெரியாதுதான். ஆறேழு பேர் ஒரே நேரத்தில் பேசும் இடத்தில்தான் திண்டாட்டம்.

பக்கவாட்டில் எழும் ஓசை, ஒரு காதை எட்டிய பின் மறு காதை எட்ட ஒரு மில்லி நொடிகூட ஆகாது. அந்தத் துளி இடைவெளியையும், தலை குறுக்கே நிற்பதால் ஒலியளவில் வரும் வித்தியாசத்தையும் வைத்துத்தான் மூளை குரல்களைத் திசை பிரிக்கிறது. ஒற்றைக் காதில் இந்த ஒப்பீட்டுக்கு வழியில்லை. பேசுபவர் கேளாத பக்கமும் இரைச்சல் கேட்கும் பக்கமும் அமைந்துவிட்டால் இன்னும் மோசம். தலை மறைப்பது பெரும்பாலும் உச்ச அதிர்வெண்களை. மெய்யொலிகள் தெளிவாகக் கேட்க அவைதான் வேண்டும். சொன்னது 'பத்தா', 'எட்டா' என்றே குழம்பும்.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட செவித்திறன் குறைபாட்டுத் தரவரிசையில் இதற்குத் தனி இடம் உண்டு: கேட்க முடிகிற மிக மெல்லிய ஒலி, நல்ல காதில் 20 டெசிபலுக்குக் குறைவு, மற்றதில் 35 அல்லது அதற்கு மேல்.

2008 மே 3 முதல் நடைமுறையில் உள்ள மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை, உடல் குறையோடு சூழலின் தடைகளையும் சேர்த்தே பார்க்கிறது. இங்கே தடை, அறையின் இரைச்சல். நிறுவனத்துக்கு அளவுக்கு மீறிய சுமை ஆகாத, தேவையான மாற்றங்களைச் செய்துதர மறுப்பது பாகுபாடு என்கிறது பிரிவு 2. பள்ளிக்குப் பிரிவு 24, வேலையிடத்துக்குப் பிரிவு 27. உடன்படிக்கையை ஏற்ற நாடுகள் இதற்குக் கட்டுப்பட்டவை. சான்றிதழும் உதவித்தொகையும் மட்டும் அந்தந்த நாட்டுச் சட்டப்படி. அது இரு காதையும் சேர்த்துக் கணக்கிட்டால் இவர்கள் விடுபடக்கூடும்.

சரி, என்ன கேட்கலாம்? நல்ல காது பேசுபவர் பக்கம் இருக்கும்படி இடம், கூட்டத்தில் ஒருவர் முடித்தபின் அடுத்தவர் பேசுவது, காணொளிக் கூட்டங்களில் எழுத்து வரிகள். வகுப்பில் ஆசிரியர் அணியும் மைக் அவர் குரலை நேராக மாணவரின் காதுக்கே கொண்டுவரும். என் பார்வையில் குழந்தைகளுக்கு முதலில் கேட்க வேண்டியது அதுதான்.

விண்ணப்பத்தோடு வெறும் ஆடியோகிராம் (செவித்திறன் சோதனை வரைபடம்) மட்டும் வைக்காதீர்கள். அது அமைதியான அறையில், ஒவ்வொரு காதாக எடுப்பது; இந்தச் சிரமம் அதில் தெரியாது. இரைச்சலுக்கு நடுவே பேச்சு எவ்வளவு புரிகிறது என்ற சோதனையையும் செய்து, முடிவை எழுத்தில் தரும்படி செவித்திறன் நிபுணரிடம் கேளுங்கள்.