டிஜிட்டல் படத்துக்கு எதற்கு ‘முன்பதிவு’?

“இப்படத்தை இப்போதே முன்பதிவு செய்யுங்கள்.” இணையத்தில் கோப்பாக விற்கும் டிஜிட்டல் திரைப்படங்களைப் பற்றி எந்தச் செய்தியை எடுத்தாலும் இந்த வரி வந்து நிற்கிறது. வெளிவருமுன்பே கேட்டுவைக்கிற ப்ரீ-ஆர்டருக்கு இதுதான் தமிழாம்.

ஆர்டரின் மூலம் இலத்தீன் ‘ஓர்டோ’. வரிசை, ஒழுங்கு என்று பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய்க் கட்டளை ஆயிற்று. சரக்கு கேட்டுக் கடைக்குச் சொல்லியனுப்புவதும் பிற்பாடு ஆர்டர் ஆயிற்று. ‘ப்ரீ’ என்றால் முன். அவ்வளவுதான்.

ரயிலில் இடம் இத்தனைதான் என்று கணக்கு இருக்கிறது, அதனால் முன்பதிவு. டிஜிட்டல் படம் தீர்ந்துபோகிற சரக்கா? பத்துப் பேர் வாங்கினாலும் பத்து லட்சம் பேர் வாங்கினாலும் கோப்பு அப்படியே இருக்கும். அப்புறம் எதற்கு முந்திக்கொள்ள வேண்டும்? விலைக்காகத்தான். 2006 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஐடியூன்ஸ் என்ற தன் இணையக் கடையில் திரைப்படம் விற்கத் தொடங்கியபோது, புதுப் படத்தை வெளிவருமுன்பே கேட்டுவைத்தவருக்கும் முதல் வாரத்தில் வாங்கியவருக்கும் 12.99 டாலர், அதற்குப் பிறகு வந்தவருக்கு 14.99. பழைய படங்கள் 9.99. அந்த இரண்டு டாலர்தான் சங்கதி. அதைப் பற்றி ‘முன்பதிவு’ வாயே திறப்பதில்லை. இன்னொன்று, ரயில் முன்பதிவில் காசு முதலிலேயே போய்விடும், ரத்து செய்தால் பிடித்தமும் உண்டு. ஆப்பிள் கடையிலோ படம் வெளியானால்தான் காசு எடுப்பார்கள். அதுவரை வேண்டாமென்று சொல்லிவிடலாம்.

சிலர் ‘முன்கட்டளை’ என்கிறார்கள். இது இன்னும் மோசம். மணியார்டரைக் காசுக்கட்டளை என்பது இலங்கையில் பழகிய வழக்கு, அதைக் குறை சொல்லவில்லை. தமிழ்நாட்டில் கட்டளை என்றால் மேலிடத்திலிருந்து வருவது, இல்லாவிட்டால் கோயில் பூசைக்கு எழுதிவைப்பது. வாடிக்கையாளர் படத்துக்குக் கட்டளையிடுகிறாரா? ‘முன் ஆணை’யோ முன்ஜாமீனுக்குத் தம்பி மாதிரி ஒலிக்கிறது.

நம்மிடம் ‘சொல்லிவைத்தல்’ இருக்கிறதே! வஞ்சிரம் வந்தால் எடுத்துவைங்க என்று மீன்காரரிடம் சொல்லிவைக்கிறோம். காசு கைமாறுவதில்லை. கொடுத்திருந்தால் அது அச்சாரம். பொத்தானில் ‘சொல்லிவை’ என்று போட்டால் யாருக்குப் புரியாது? சலுகை விலைக்கும் புதுச்சொல் தேட வேண்டாம். நம் பதிப்பகங்கள் முன்வெளியீட்டுத் திட்டம் போட்டுக் குறைந்த விலையில் புத்தகம் தருகின்றன. அதே முன்வெளியீட்டு விலைதான் இதுவும். மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைப் புரட்டுகிறார்களே தவிர, பக்கத்துக் கடைப் பலகையைப் பார்ப்பதில்லை.

விலை என்ற சொல்லையே சரியாகப் போடுவதில்லையே. 2020 ஏப்ரலில் அமெரிக்கத் திரையரங்குகள் மூடிக்கிடந்தபோது யுனிவர்சல் நிறுவனம் ‘ட்ரோல்ஸ் வேர்ல்ட் டூர்’ படத்தை 19.99 டாலருக்கு நேராக வீடுகளுக்கே விட்டது. ஆனால் பார்க்கத் தொடங்கினால் 48 மணி நேரம்தான், அதன்பின் படம் கையில் இராது. இப்படிப்பட்டதையும் ‘விலை’ என்றே எழுதுகிறார்கள். வாடகை என்ற சொல்லுக்கு அப்படி என்ன பஞ்சம்?