கான்ட்ராஸ்ட் ஊசி போட்டபின் சிறுநீரகத்தில் நடப்பது

1923-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் சிபிலிஸ் நோயாளிகளுக்கு சோடியம் அயோடைடு கொடுத்துவந்தார்கள். அவர்களை எக்ஸ்ரே எடுத்தபோது சிறுநீர்ப்பை நன்றாகத் தெரிந்தது. மருந்திலிருந்த அயோடின் சிறுநீரில் வந்து சேர்ந்திருந்தது. அயோடின் எக்ஸ்ரே கதிர்களை நன்றாகத் தடுக்கும். அதனால் அது இருக்கும் இடம் படத்தில் வெள்ளையாக விழும்.

இன்று சிடி ஸ்கேனுக்கு முன்னால் கையில் ஏற்றும் ஐயோஹெக்சால் போன்ற கான்ட்ராஸ்ட் மருந்துகளும் (உள்ளுறுப்புகளைப் படத்தில் தெளிவாகக் காட்டும் மருந்துகள்) இதே வழியில்தான் வேலை செய்கின்றன. ஐயோஹெக்சாலின் ஒரு மூலக்கூறில் 3 அயோடின் அணுக்கள் உண்டு. எடை சுமார் 821 டால்டன் (மூலக்கூறுகளின் எடையைச் சொல்லும் அலகு). ரத்தத்தில் இருக்கும் அல்புமின் புரதம் சுமார் 66,000 டால்டன். சிறுநீரகத்தின் வடிகட்டியான குளோமெருலஸ் அல்புமினைப் பெரும்பாலும் உள்ளேயே நிறுத்திவிடும். ஐயோஹெக்சாலோ தண்ணீரோடு தண்ணீராக நழுவிவிடும்.

இதற்கு அப்புறம் நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். சிறுநீரகம் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிக்கிறது. நாம் கழிப்பதோ ஒன்றிரண்டு லிட்டர். மீதி எல்லாம் நெஃப்ரான் என்ற சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டும் அலகின் நுண்குழாய் வழியே ரத்தத்துக்குத் திரும்பிவிடுகிறது. குளுக்கோஸ், அமினோ அமிலம், சோடியம் என்று ஒவ்வொன்றையும் உள்ளே இழுக்கக் குழாய்ச் சுவரில் தனித்தனிப் புரதங்கள் காத்திருக்கின்றன. ஐயோஹெக்சாலுக்கு அப்படி ஒரு புரதமும் இல்லை. சுற்றியிருக்கும் தண்ணீர் வெளியேற வெளியேற அது மட்டும் குழாய்க்குள் தங்கி அடர்த்தியாகிக்கொண்டே போகிறது. திரும்ப உறிஞ்சப்படாத ஒரு பொருள் சிறுநீரில் நூறு மடங்கு வரைகூடச் செறிவாகலாம். கான்ட்ராஸ்ட் தானும் கொஞ்சம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் அவ்வளவு ஏறுவதில்லை. ஆனாலும் படம் பளிச்சென்று விழ அந்த அடர்த்தி தாராளம்.

உறிஞ்சப்படுவதும் இல்லை, குழாய்ச் சுவரிலிருந்து கூடுதலாகச் சுரப்பதும் இல்லை. எவ்வளவு வடிந்ததோ அவ்வளவுதான் வெளியே வரும். இதனாலேயே ரத்தத்தில் ஐயோஹெக்சால் குறையும் வேகத்தை வைத்துச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனையே அளக்கிறார்கள். நல்ல சிறுநீரகம் இருந்தால் சுமார் 2 மணி நேரத்தில் பாதி போய்விடும், ஒரு நாளுக்குள் ஏறக்குறைய முழுதும் போய்விடும். வடிகட்டும் திறன் குறைந்தவர்களுக்கு அது வெகுநேரம் உடம்பில் சுற்றும். ஸ்கேனுக்கு முன் கிரியேட்டினின் (வடிகட்டும் திறனைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) கேட்பது இந்தத் திறனைத் தெரிந்துகொள்ளத்தான். கான்ட்ராஸ்டால் சிறுநீரகம் கெடும் என்ற பயம் முன்பு நினைத்த அளவுக்குத் தேவையில்லை என்பது இப்போதைய நிலைப்பாடு. வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 30 மில்லிலிட்டருக்குக் கீழே போனவர்களிடம்தான் டாக்டர்கள் கூடுதல் எச்சரிக்கையாக இருக்கிறார்கள்.

சிறுநீர்ப் பாதையைப் பார்க்க வேண்டுமென்றால் ஊசி போட்டுச் சுமார் பத்து நிமிடம் கழித்து மறுபடி ஒரு படம் எடுப்பார்கள். அதற்குள் மருந்து சிறுநீரகத்தைத் தாண்டிச் சிறுநீர்க் குழாய்க்கு வந்திருக்கும். எங்காவது அடைப்பு இருந்தால், அந்த வெள்ளைக் கோடு அதற்கு மேலேயே நின்றுவிடும்.