நெட் ஸ்லோவா? பிளானை மாற்றும் முன் வீட்டுக்குள் பாருங்கள்

வீடுகளுக்கு இணைய இணைப்பு, வைஃபை, கேபிள் வேலை செய்து கொடுப்பது என் தொழில். "தம்பி, நெட் ரொம்ப ஸ்லோவா இருக்கு. 100 பிளானை 200 ஆக்கிடலாமா?" என்று கேட்டுத்தான் பெரும்பாலும் போன் வரும். எல்லோரிடமும் நான் ஒன்றையே கேட்டுக்கொள்கிறேன்: அளந்து பார்க்காமல் பிளானை மாற்றாதீர்கள். கம்பத்திலிருந்து வரும் ஃபைபரிலோ, நிறுவனத்தின் பக்கமோ கோளாறு இருப்பதுண்டு. ஆனால் பல வீடுகளில் வேகம் குறைவது ரௌட்டருக்கும் உங்கள் கையில் இருக்கும் போனுக்கும் நடுவிலுள்ள இருபது, முப்பது அடியில்தான். அடைப்பு அங்கே இருக்கும்போது பிளானை உயர்த்தினால் கட்டணம்தான் கூடும்.

போன் லைன் வழியே இணையம் வந்த டயல்அப் காலத்திலும் இதே கதைதான். 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியபோது சென்னையும் முதல் நகரங்களில் ஒன்று. ஆரம்பத்தில் 9.6 கேபிபிஎஸ் வேகம். சில ஆண்டுகளில் 56கே மோடம் வந்தது. பெட்டியில் 56 என்று அச்சடித்திருக்கும். நல்ல லைனிலேயே நாற்பதுகளில்தான் இணையும். சுமாரான லைன் என்றால் 28, 33 என்று நின்றுவிடும். 44-இல் இணைந்தால்கூட 5 எம்பி பாட்டு ஒன்று இறங்கக் கால் மணி நேரம் ஆகும். ஒரே மாடல் மோடம், ஒரே கட்டணம், ஆனாலும் வீட்டுக்கு வீடு வேகம் வேறு. காரணம் பெரும்பாலும் போன் வயர். ஹாலில் ஒரு போன், படுக்கையறைக்கு பேரலலாக இன்னொரு போன், நடுவில் முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட், சுவரில் போன் வயர் வந்து சேரும், பச்சை பூத்த ரோசெட் பெட்டி. ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தால் டயல் டோனுக்குப் பின்னால் கரகரவென்று கேட்கும். அந்தக் கரகரப்புதான் வேகத்தைத் தின்றது. பேரலல் இணைப்பைக் கழற்றி, முதல் ரோசெட்டிலிருந்து நேராக மோடத்துக்குப் புது வயர் இழுத்தாலே வேகம் ஏறும்.

ஆனால் அப்போது மக்களுக்கு விற்கப்பட்டது வேறு. இணைய வேகத்தைப் பல மடங்கு ஆக்குகிறோம் என்று 'ஆக்சிலரேட்டர்' மென்பொருள்கள் வந்தன. அவற்றில் நேர்மையானவை செய்தது, பக்கத்தின் எழுத்துகளைச் சுருக்கி, படங்களின் தரத்தைக் குறைத்து அனுப்பியது. பக்கம் சீக்கிரம் திறக்கும், உண்மைதான். ஏற்கெனவே சுருக்கப்பட்ட பாட்டுக்கோ ஜிப் கோப்புக்கோ அதனால் ஒரு பயனும் இல்லை. இன்னொரு குறிப்பு விண்டோஸ் எக்ஸ்பி நாளில் கிளம்பியது: விண்டோஸ் உங்கள் இணைய வேகத்தில் 20 சதவீதத்தைத் தனக்கென்று பிடித்து வைத்துக்கொள்கிறது, ஒரு செட்டிங்கை 0 ஆக்கினால் அது திரும்பக் கிடைக்கும் என்று. மைக்ரோசாஃப்டே அப்படி இல்லை என்று விளக்கம் கொடுத்தது. முன்னுரிமை கேட்கிற மென்பொருள் ஒன்று ஓடும்போது மட்டுமே அந்த ஒதுக்கீடு செயல்படும். மற்ற நேரத்தில் முழு வேகமும் எல்லோருக்கும்தான். இன்றைக்கும் அந்தக் குறிப்பை வீடியோவாகப் போடுகிறார்கள், வாட்ஸாப்பில் அனுப்புகிறார்கள். அதைச் செய்துவிட்டு 'கொஞ்சம் பரவாயில்லை' என்று நம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

சரி, அளப்பது எப்படி? லேப்டாப்பை ரௌட்டரில் லேன் கேபிளால் நேராக இணைத்து, வீட்டில் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஸ்பீடு டெஸ்ட் ஓட்டுங்கள். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ரௌட்டர் பக்கத்தில் நின்று, போனில் 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஒருமுறை. அப்புறம் எந்த அறையில் ஸ்லோ என்கிறீர்களோ அங்கே ஒருமுறை. எந்த இடத்தில் எண் விழுகிறதோ அங்கேதான் கோளாறு. கேபிளிலேயே குறைவாக வந்தால் மட்டும் நிறுவனத்தைக் கூப்பிடுங்கள், அதுவும் கேபிளும் அதைச் சொருகும் போர்ட்டும் சரி என்று தெரிந்த பிறகு.

இங்கே அலகு ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். பிளானில் சொல்வது நொடிக்கு இத்தனை மெகாபிட், அதாவது எம்பிபிஎஸ். டவுன்லோட் ஆகும்போது திரையில் காட்டுவது பெரும்பாலும் மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 100 எம்பிபிஎஸ் பிளானில் நொடிக்கு 12 எம்பி இறங்கினால் உங்களை யாரும் ஏமாற்றவில்லை.

நான் அதிகம் பார்க்கிற ஒரு எண் 94. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டில் 200 பிளான் போட்டிருந்தார்கள். எத்தனை முறை டெஸ்ட் செய்தாலும் 94, 93, 94. கூட்டமான நேரத்தில் குறைந்து, நள்ளிரவில் ஏறினால் அது வெளியிலிருந்து வரும் நெரிசல். எந்நேரமும் ஆடாமல் 94-இல் நிற்கிறது என்றால் அது நெரிசல் இல்லை. 100 எம்பிபிஎஸ் போர்ட் ஒன்றின் வழியே நடைமுறையில் போகக்கூடிய அதிகபட்சமே அவ்வளவுதான். அங்கே நான் ஃபைபரைத் தொடவில்லை. லேப்டாப்பில் இணைப்பு வேகத்தைத் திறந்து பார்த்தேன்: 1000 இருக்க வேண்டிய இடத்தில் 100.

லேன் கேபிளுக்குள் எட்டு வயர்கள், நான்கு ஜோடிகள். 100 எம்பிபிஎஸுக்கு ஆரஞ்சு, பச்சை ஆகிய இரண்டு ஜோடிகளே போதும். ஜிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ் வேகத்துக்கு நீலமும் பழுப்பும் சேர்ந்து நான்கும் வேண்டும். நீலத்திலோ பழுப்பிலோ ஒரு வயர் விட்டுப்போனால் பெரும்பாலும் இணைப்பு அறுந்துபோகாது; சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். விளக்கு எரியும், படம் ஓடும், யாருக்கும் சந்தேகம் வராது. அந்த வீட்டில் பெயின்ட் அடிக்கும்போது கேபிளை இழுத்திருக்கிறார்கள். கேபிள் நுனியிலுள்ள கிளிப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பழுப்பு வயர் பித்தளை முனைக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றிருந்தது. நுனியை வெட்டிப் புது கிளிப் போட்டு அழுத்தியதும் வேகம் 190-ஐத் தாண்டியது. ஐந்து நிமிட வேலை. அதற்காக 300 பிளானுக்கு மாறச் சொல்லி அவருக்கு ஆலோசனை கிடைத்திருந்தது.

சில ரௌட்டர்களில் போர்ட்டே 100 தான், அதைக் கேபிளால் சரிசெய்ய முடியாது. 200, 300 பிளான் எடுக்கும்போது ஜிகாபிட் போர்ட் உள்ள பெட்டி தருகிறார்களா என்று முதலிலேயே கேளுங்கள். கேபிள் வாங்கும்போதும் கவனம் தேவை. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவான கேபிள் கடைகளில் நிறையக் கிடைக்கிறது. வயரைக் கத்தியால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வாங்க வேண்டாம். சுவருக்குள் பைப்பில் போடும் கேபிளில் சிக்கனம் பார்த்தால் பிறகு எடுப்பது பெரும்பாடு.

அடுத்தது ரௌட்டர் இருக்கும் இடம். அழகுக்காக டிவி யூனிட்டுக்குள், ஸ்டீல் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில், மாடிப்படிக்குக் கீழே மீட்டர் பெட்டி பக்கத்தில் என்று வைத்துவிடுகிறார்கள். ஃபைபர்காரர் எந்த ஜன்னல் வழியாக வந்தாரோ அந்த மூலையிலேயே அது ஆண்டுக்கணக்கில் கிடக்கும். நம் வீடுகளின் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் 5 ஜிகாஹெர்ட்ஸை வெகுவாகக் குறைத்துவிடும். வைஃபையின் இன்னொரு அலைவரிசையான 2.4 ஜிகாஹெர்ட்ஸ் சுவரைக் கொஞ்சம் தாண்டும், ஆனால் அங்கே இடநெருக்கடி. 2.4-இல் ஒன்றோடொன்று மோதாமல் பயன்படுத்தக்கூடிய சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். அடுக்குமாடிக் குடியிருப்பில் போனைத் திறந்தால் இருபது வைஃபை பெயர்கள் தெரிகின்றன; அத்தனையும் அந்த மூன்றில் அடங்க வேண்டும். மைக்ரோவேவ் அவனும் அதே அலைவரிசைதான். ஆகவே டிவி, லேப்டாப், நல்ல போன் எல்லாவற்றையும் 5-க்கு மாற்றுங்கள். கேமரா, ஸ்மார்ட் பல்பு மாதிரி சின்னச் சாமான்கள் 2.4-இலேயே இருக்கட்டும். ரௌட்டர் வீட்டின் நடுப்பகுதியில், தலை உயரத்தில், திறந்த இடத்தில் இருக்க வேண்டும். ஃபைபர் வயரை இன்னும் பத்து மீட்டர் இழுக்கச் சொன்னால் கூடுதலாகக் கொஞ்சம் கேட்பார்கள்; கொடுத்துவிடுங்கள், வீண்போகாது.

பிளக்கில் சொருகும் 'பூஸ்டர்' பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அது வேகத்தைக் கூட்டாது, தூரத்தை மட்டும் கூட்டும். ஒரே அலைவரிசையில் வாங்கி, அதிலேயே திருப்பி அனுப்புகிற சாதாரண வகை என்றால் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். சிக்னல் இல்லாத அறையிலேயே அதைச் சொருகினால் அதற்கும் ஒன்றும் கிடைக்காது. மாடிக்கு ஒரு லேன் கேபிள் இழுத்து, அங்கே அந்தக் கேபிளிலிருந்து வைஃபை கொடுக்கும் ஆக்சஸ் பாயின்ட் ஒன்றை வைப்பதுதான் நான் எப்போதும் சொல்லும் வழி. கேபிள் இழுக்கவே முடியாத வீடு என்றால், பல பெட்டிகள் தமக்குள் இணைந்து ஒரே வைஃபையாக இயங்கும் மெஷ் பார்க்கலாம்.

டெஸ்டில் வேகம் நன்றாக வருகிறது, ஆனால் வீடியோ கால் மட்டும் விட்டு விட்டு வருகிறதா? அப்லோடைப் பாருங்கள். விசேஷம் முடிந்து வந்த இரவு நான்கு போன்கள் சேர்ந்து வீடியோக்களை கூகுள் போட்டோஸுக்கு ஏற்றிக்கொண்டிருக்கும். மேலே போகும் பாதை நிரம்பிவிட்டால், கீழே வரும் பாதை காலியாக இருந்தும் எல்லாம் தடுமாறும். பேக்அப்பை இரவு தூங்கப் போகும்போது ஓடவிடுங்கள். மாதக் கடைசியில் மட்டும் ஸ்லோ என்றால் டேட்டா வரம்பு தாண்டியிருக்கலாம், ஆப்பில் தெரியும். இணையதளப் பெயரை அதன் எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸை 1.1.1.1 என்றோ 8.8.8.8 என்றோ மாற்றினால் பக்கம் திறக்கத் தொடங்கும் நேரம் சற்றுக் குறையலாம். டவுன்லோட் வேகம் மாறாது.

ஃபைபர் வயரைப் பெட்டிக்குப் பின்னால் இறுக்கமாக மடித்து ரப்பர் பேண்ட் போடாதீர்கள், ஒளி கசிந்துவிடும். டெக்னீஷியன் வந்தால் பவர் மீட்டரில் அளந்து காட்டச் சொல்லுங்கள். வரும் ஒளியின் வலிமை சாதாரணமாக மைனஸ் 15-லிருந்து மைனஸ் 25 டிபிஎம்முக்குள் இருந்தால் கவலை இல்லை. மைனஸ் 27-ஐத் தாண்டிப் பலவீனமாக இருந்தால் வெளியில் வேலை இருக்கிறது. கழற்றிய ஃபைபரின் நுனியைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவே கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்குக் கேடு.

முக்கியமான இன்னொன்று. 'உங்கள் ஸ்பீடை இலவசமாக ஏற்றித் தருகிறோம்' என்று யாராவது போன் செய்து, ஒரு ஆப்பைப் போடச் சொல்லி, திரையில் தெரியும் எண்ணைக் கேட்டால் உடனே போனை வையுங்கள். அது உங்கள் போனைத் தூரத்திலிருந்து இயக்கும் ஆப். உங்கள் பிளானின் வேகத்தை ஏற்ற நிறுவனத்துக்கு உங்கள் போன் திரை தேவையில்லை, ஓடிபியும் தேவையில்லை. வீட்டில் பெரியவர்களிடம் இதை இன்றே சொல்லிவையுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

எல்லாம் பார்த்து, லேன் கேபிளிலும் வேகம் வரவில்லை என்று உறுதியானால் நிறுவனத்திடம் புகார் கொடுங்கள். மூன்று நாட்கள், காலையும் இரவும் எடுத்த டெஸ்ட் ஸ்கிரீன்ஷாட்டுகள் கையில் இருக்கட்டும். 'நெட் ஸ்லோ' என்று மட்டும் சொன்னால் ரௌட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யச் சொல்வார்கள். 'கேபிளில் இரவு 9 மணிக்கு 30, காலை 6 மணிக்கு 95' என்று சொன்னால் பேச்சு வேறு மாதிரி போகும். டாக்கெட் எண்ணை, அதாவது புகார் எண்ணை, மறக்காமல் வாங்குங்கள். சரியாகவில்லை என்றால் அந்த எண்ணை வைத்து அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி அதற்குக் கட்டணம் கிடையாது.